பல்லாவரத்தில் இடதுபக்கம்

திருவண்ணாமலை,
14 செப்டம்பர் 2025

கவிநிலா அப்பாவுக்கு,

வேதா எழுதுவது. நானும் கவியும் நலம். நான்கு வாரமாக உங்கள் போனை எடுக்காதவளிடமிருந்து கடிதம் வருகிறதே என்று பயந்துகொண்டு படிக்க வேண்டாம். சண்டைக்கு எழுதவில்லை. சண்டைக்குப் போனே போதும். போனில் பேசினால் உங்கள் அறையில் இருப்பவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். நீங்கள் "ம்", "சரி", "பாக்கலாம்" என்று மூன்றே வார்த்தையில் முடிக்கிறீர்கள். எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. அதனால் இப்படிப் பேப்பரில் எழுதிப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே பதில் போடுங்கள்.

மஸ்கட்டில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டீர்கள். போட்ட பிறகு எனக்குச் சொன்னீர்கள். அதைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் பேசப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நாள் வாடகைக்கு விடுகிற நம் மாடி அறையில் போன வாரம் புனேக்காரத் தம்பதி தங்கினார்கள். சென்னை ஏர்போர்ட்டில் இறங்கி, அங்கேயே ஒரு காரை வாடகைக்கு எடுத்து, டிரைவர் இல்லாமல் தாங்களே ஓட்டிக்கொண்டு, கடலை ஒட்டியே நாகப்பட்டினம் வரை போய்விட்டு ஆசிரமத்துக்கு வந்திருக்கிறார்கள். அந்த அம்மாள் அடுப்படியில் நின்றபடியே போனில் படம் காட்டினாள். மரக்காணத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல். தரங்கம்பாடியில் கோட்டைக்கு எதிரே கடல். நான் பார்த்துக்கொண்டே நின்றதில் கல்லில் இருந்த தோசை தீய்ந்துபோனது.

நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் உங்கள் அண்ணன் இருசப்பன் வேன் பிடித்துவிடுவார். வேன் நிறைய சொந்தக்காரர்கள். நீங்கள் முன்னால் அவர் பக்கத்தில். நானும் கவியும் கடைசி சீட்டில், பெட்டிகளோடு. ஏர்போர்ட்டிலிருந்து வீடு வந்து சேரும்வரை நான் பார்த்ததெல்லாம் உங்கள் பிடரி ஒன்றுதான். வீட்டுக்கு வந்தால் கூட்டம். லீவு முடிந்தால் மறுபடி வேன்.

இந்தப் பொங்கலுக்கு நீங்கள் வரும் நாளை யாருக்கும் சொல்ல வேண்டாம். நானும் கவியும் மட்டும் ஏர்போர்ட்டுக்கு வருகிறோம், அங்கேயே ஒரு கார் எடுத்துக்கொள்வோம். நேராகப் போனால் தாம்பரம், திண்டிவனம், செஞ்சி, நம் ஊர். பல்லாவரத்தில் இடதுபக்கம் திரும்பினால் கடல். ஒரு ஐந்து நாள் அந்தப் பக்கம் போய்விட்டு வருவோம். அப்புறம் நீங்கள் எல்லாருக்கும் சொந்தம்.

காரை யார் ஓட்டுவது என்று கேட்காதீர்கள். அதற்கு வழி இருக்கிறது.

வேதா


மஸ்கட்,
22 செப்டம்பர் 2025

வேதாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீ பேசாமல் இருந்தது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அதைவிட்டுத் தள்ளு.

கார் விஷயம் வேண்டாம். வருஷம் பூராவும் ஸ்டீயரிங் பிடிக்கிறவனை லீவிலும் பிடிக்கச் சொன்னால் எப்படி? சமையல்காரனை விருந்துக்குக் கூப்பிட்டு அடுப்படிக்குள் அனுப்புகிற மாதிரி இருக்கிறது. வாடகைக் காரில் ஒரு கீறல் விழுந்தாலும் நம் தலையில்தான் கட்டுவார்கள். அந்தக் கடற்கரை ரோட்டில், ஈ.சி.ஆரில், எப்படி ஓட்டுகிறார்கள் என்று உனக்குத் தெரியாது. எல்லாரும் விமானம் ஓட்டுகிற நினைப்பில் வருவார்கள்.

அம்மாவுக்குத் தெரியாமல் வந்தால் அம்மா தாங்காது. அடி அண்ணாமலையிலிருந்து ஏர்போர்ட் வரை வேனில் வருவதுதான் அதற்குத் திருவிழா. உனக்கே தெரியும்.

கடல் பார்க்க வேண்டுமானால் பாண்டிச்சேரிக்கு ஒரு நாள் பஸ்ஸில் போய்விட்டு வரலாம். காலையில் போனால் சாயங்காலம் திரும்பிவிடலாம்.

கையெழுத்துப் போட்டது அவசரத்தில் நடந்தது. கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். கவி படிப்பை நினைத்துத்தான் போட்டேன். ஜாஸ்தி எழுத முடியவில்லை, வேலை இருக்கிறது.

சக்கரவர்த்தி


திருவண்ணாமலை,
8 அக்டோபர் 2025

கவிநிலா அப்பாவுக்கு,

பௌர்ணமி முடிந்து இன்றைக்குத்தான் மூச்சு விட்டேன். மாடி அறைகள் மூன்றும் நிறைந்திருந்தன. கீழேயும் ஒரு குடும்பத்தைப் படுக்க வைத்தேன்.

உங்களை யார் ஸ்டீயரிங் பிடிக்கச் சொன்னது? நான் ஓட்டுகிறேன்.

ஆமாம், நான்தான். லைசென்ஸ் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. நேரில் சொல்லலாம் என்றிருந்தேன். நீங்கள் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போகிறேன் என்று எழுதியதும் பொறுக்க முடியவில்லை.

எதற்குக் கற்றுக்கொண்டேன் என்றால், போன வருஷம் மாடியில் தங்கியிருந்த ஒரு பெங்களூர் அம்மாளுக்கு நெஞ்சு வலி வந்துவிட்டது. தனியாக வந்தவர். அவர் கார் நம் வாசலில் நிற்கிறது. சாவி என் கையில் இருக்கிறது. ஓட்டத்தான் ஆள் இல்லை. தெருவில் இறங்கி ஒவ்வொரு வீடாகக் கதவைத் தட்டினேன். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஓட்டமாட்டியா? நீ ஓட்டமாட்டியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிழைத்துக்கொண்டார், இன்றைக்கும் போன் பண்ணுகிறார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுவாரமே செங்கம் ரோட்டில் ராமதாஸ் அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் கிளச்சை விட்டதும் வண்டி தவளை மாதிரி குதித்தது. கிரிவலப் பாதையில் விடியற்காலையில் ஓட்டப் பழக்கினார். நடுரோட்டில் நடக்கிற சாமியார்கள் ஆரன் அடித்தால் ஒதுங்கமாட்டார்கள், ஆசீர்வாதம் பண்ணுவார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். ஒரு கம்பத்தையும் இடிக்கவில்லை. இப்போதும் வாரம் ஒரு தடவை ராமதாஸ் அண்ணனின் பழைய காரை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் வரை போய்வருகிறேன்.

ஒரே ஒரு சிக்கல். ஏர்போர்ட்டில் கார் கொடுக்கிற கம்பெனிக்குப் போன் பண்ணினேன். "லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகியிருக்கணும் மேடம்" என்கிறான். பிப்ரவரி நடுவில்தான் வருஷம் முடிகிறது. அதனால் உங்கள் லீவைப் பொங்கலிலிருந்து பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப் போட முடியுமா? அது மழை விட்ட காலம், வெயிலும் ஏறியிருக்காது.

கவி இப்போதே மேப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கோடியக்கரையில் பறவை பார்க்க வேண்டுமாம்.

வேதா


மஸ்கட்,
13 அக்டோபர் 2025

வேதா,

நீ கார் ஓட்டுவது அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்குப் போனில் கேட்கிறது: "இன்னாடா, உன் பொண்டாட்டி ரோட்ல காரு ஓட்டினு போறா. நீதான் கத்துக்கச் சொன்னியா?" நான் என்ன சொல்வது? ஆமாம் என்று சொன்னேன்.

கவிக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், ராமதாஸுக்குத் தெரியும். டிரைவரைக் கட்டிக்கொண்டவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது அந்த டிரைவருக்கு மட்டும் தெரியாது. நான் அத்தனை தூரத்து ஆளாகிவிட்டேன்.

பொங்கலுக்கும் வரவில்லை. பிப்ரவரிக்கும் வரவில்லை. இங்கே ஆள் கம்மி, லீவு கொடுக்கமாட்டார்கள். நீயும் கவியும் வேண்டுமானால் போய்விட்டு வாருங்கள். உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே.

சக்கரவர்த்தி


திருவண்ணாமலை,
9 நவம்பர் 2025

கவிநிலா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதினேன். ரொம்பக் கடுமையாக இருந்தது, கிழித்துப் போட்டேன். மறுபடி எழுதினேன், அதையும் கிழித்தேன். இது மூன்றாவது.

உங்களிடம் சொல்லாதது தப்புதான். ஆனால் மறைக்க நினைக்கவில்லை. கற்றுக்கொள்ளும்போதே சொல்லியிருந்தால் "வேண்டாம், அண்ணன் இருக்கார்" என்பீர்கள். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு செய்கிற தைரியம் எனக்கு இல்லை. அதனால் முதலில் செய்துவிட்டேன்.

அதை எழுத இப்போது உட்காரவில்லை. நேற்று நீங்களும் கவியும் வீடியோவில் பேசினீர்கள். அவள் காலாண்டு மார்க்கை உங்களுக்குக் காட்டினாளாம். "நீயே படிச்சிக் காட்டுடா" என்று சொன்னீர்களாம். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, "அம்மா, அப்பா எப்பவும் மூஞ்சிய ஒரு பக்கமா திருப்பி வச்சிக்கினு பேசறார், பாத்தியா?" என்றாள். நான் பார்க்கவில்லை. நான்தான் உங்கள் முகத்தையே பார்க்காமல் இருக்கிறேனே.

நீங்கள் அனுப்பிய பழைய வீடியோவெல்லாம் அவள் எடுத்துக் காட்டினாள். அவள் சொன்னது சரி. வலது கண்ணை ஒதுக்கிவிட்டு இடது கண்ணால் பார்க்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எழுத்து முன்னைவிட இரண்டு மடங்கு பெரிசு. வரி மேலே ஏறுகிறது.

உங்கள் கண்ணுக்கு என்ன?

கோபமாகவே இருங்கள், பரவாயில்லை. இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

வேதா


மஸ்கட்,
21 நவம்பர் 2025

வேதாவுக்கு,

கவி என் மகள்தான். டிரைவர் மகளுக்குக் கண்ணாடியில் பின்னால் வருகிறவன் தெரிகிறான்.

போன வருஷக் கடைசியில் ஆரம்பித்தது. ரோட்டில் போட்டிருக்கிற வெள்ளைக் கோடு வளைந்து தெரிந்தது. வெயில் சூடு, தூக்கம் கம்மி என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் சாயங்காலம் கம்பெனி வேனில் ஏழெட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு வருகிறேன். ரவுண்டானாவில் திரும்பும்போது நடுவிலிருக்கிற திட்டு எனக்குத் தெரியவே இல்லை. ஏறிவிட்டேன். யாருக்கும் அடி இல்லை. ஆனால் வண்டியிலிருந்து இறங்கினவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைச் சொல்ல முடியாது.

டாக்டர் சர்க்கரை என்றார். கண்ணுக்குப் பின்னால் ரத்தக் குழாய் கசிகிறதாம். லேசர் வைத்தார்கள். வலது கண்ணில் நடுவில் மட்டும் ஒரு புகை நிற்கிறது. இடது கண் இப்போதைக்கு நன்றாக இருக்கிறது. ஜனவரியிலிருந்து நான் வண்டி எடுக்கவில்லை. ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். அட்டைப்பெட்டி வந்தால் உள்ளே அனுப்புவேன், போனால் வெளியே அனுப்புவேன்.

நீ லைசென்ஸ் வாங்கிய மாதத்துக்கு முந்தின மாதம் நான் நிறுத்தினேன். உன் கடிதம் படித்த அன்றைக்கு அதைத்தான் யோசித்தேன். அதனால்தான் அப்படி எழுதினேன். நீ ஓட்டுவதில் எனக்குக் கோபம் இல்லை. என்னால் முடியாததை நீ செய்கிறாய் என்பதில் வந்த எரிச்சல். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருஷக் கையெழுத்தும் இதனால்தான். ஊருக்கு வந்து என்ன செய்வேன்? எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. சக்கரவர்த்தி டிரைவர் என்றுதான் அடி அண்ணாமலையில் எல்லாரும் சொல்வார்கள். டிரைவரை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை. ஸ்டோர் வேலை கொடுக்கிறோம் என்றார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

நீ போட்டோ பிடித்து அனுப்புவது நல்லதாகப் போயிற்று. பெரிசு பண்ணிப் படிக்க முடிகிறது. இந்தக் கடிதத்தை எழுத மூன்று நாள் ஆனது. அம்மாவிடம் சொல்லாதே.

சக்கரவர்த்தி


திருவண்ணாமலை,
6 டிசம்பர் 2025

கவிநிலா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். அழுதேன் என்று எழுத மனசில்லை, ஆனால் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. ஒரு கண் மங்குகிற அளவுக்கு நடந்திருக்கிறது, அதைத் தெரியாத ஊரில் தெரியாத மனுஷர்களோடு உட்கார்ந்து அனுபவித்திருக்கிறீர்கள். இங்கே நான் மாடி அறைக்குத் திரைச்சீலை என்ன நிறம் வாங்கலாம் என்று உங்களுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நீங்களும் "நீலம் நல்லா இருக்கு" என்று பதில் போட்டிருக்கிறீர்கள். நீலம் தெரிந்ததா உங்களுக்கு?

இடையில் தீபம் வந்துவிட்டது. வீடு நிறைய ஆள். சமைப்பதும் பாத்திரம் கழுவுவதுமாக நாள் போனது நல்லதாயிற்று. மலைமேல் தீபம் ஏற்றியதும் எல்லாரும் "அரோகரா" என்று கும்பிட்டார்கள். நான் உங்களைத் திட்டிக்கொண்டே கும்பிட்டேன்.

டிரைவரை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று எழுதியிருக்கிறீர்கள். கவியிடம் அந்த வரியை மட்டும் படித்துக் காட்டினேன். அவள், "அப்போ நான் யாரும்மா?" என்றாள். எழுந்து போய்விட்டாள். நான் உங்களுக்கு ஆறுதல் சொல்லப்போவதில்லை. அவளுக்குப் பதில் நீங்கள்தான் சொல்ல வேண்டும், நேரில்.

இப்போது கேளுங்கள். பாண்டிச்சேரியில் நல்ல கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. நம் அறையில் தங்கிப் போன ஒரு நர்ஸ் அங்கேதான் வேலை பார்க்கிறாள், வேதா அக்கா வேதா அக்கா என்று உயிரை விடுவாள். அவளிடம் பேசிவிட்டேன். ஏர்போர்ட்டில் காரை எடுத்து, மகாபலிபுரத்தில் ஒரு ராத்திரி தங்கினால், மறுநாள் மரக்காணம் வழியாகப் பாண்டிச்சேரி. அங்கே உங்கள் கண்ணைக் காட்டுகிறோம். கண்ணில் மருந்து ஊற்றி அன்றைக்கு முழுக்க வெளிச்சம் கூசுமாம், அதனால் அங்கேயே தங்கிவிடுவோம். அப்புறம் கடலூர், சிதம்பரம், தரங்கம்பாடி. முடிந்தால் வேதாரண்யம் தாண்டி கோடியக்கரை.

நீங்கள் முன்சீட்டில், என் பக்கத்தில் உட்காருவீர்கள். எனக்கு ரோடு சொல்லுங்கள். ராமதாஸ் அண்ணன் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார், ரோட்டைப் படிக்க அவருக்கே தெரியாது. பௌர்ணமிக் கூட்டத்துக்குள் ஆரன் அடித்துக்கொண்டே நுழைகிற ஆள் அவர்.

லீவு கேளுங்கள். கண்ணுக்கு வைத்தியம் என்று உண்மையைச் சொல்லியே கேளுங்கள்.

வேதா


மஸ்கட்,
4 ஜனவரி 2026

வேதாவுக்கு,

லீவு கிடைத்தது. பதினைந்து நாள்தான். பிப்ரவரி 24 காலையில் சென்னையில் இறங்குகிறேன். அம்மாவிடம் மார்ச் 1ஆம் தேதி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதைப் பொய் சொல்லி ஏமாற்றியது இதுதான் முதல் தடவை.

நீலம் தெரிந்தது. வண்ணமெல்லாம் தெரிகிறது. நேர்க்கோடுதான் வளைகிறது.

கார் எடுக்கும்போது அவசரப்படாதே. சுற்றி வந்து எல்லாப் பக்கமும் வீடியோ எடு, ஏற்கெனவே இருக்கிற கீறலை அவன் ஆளிடமே காட்டி ஒத்துக்கொள்ள வை. டயரைப் பார். ஸ்டெப்னி டயர் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார், இருக்கிறது என்று வாயால் சொன்னால் நம்பாதே. சீட்டை உன் காலுக்கு முன்னால் தள்ளிக்கொள். வெட்கப்பட்டுக்கொண்டு எட்டி எட்டி மிதிக்காதே. கறுப்பு நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்தைப் பார்த்தால் வாடகை வண்டி என்று தெரிந்து பின்னால் வருகிறவன் அதட்டுவான். அதட்டட்டும்.

ஈ.சி.ஆரில் பாண்டிச்சேரி பஸ் வந்தால் வழி விட்டுவிடு. அவனோடு போட்டி வேண்டாம். மீன்கார டி.வி.எஸ். வண்டிகள் சந்திலிருந்து திடீரென்று ஏறும், கடற்கரை ஊர் போர்டைப் பார்த்ததும் காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடு. மணல் பறந்து கிடக்கிற இடத்தில் சடன் பிரேக் போடாதே. மரக்காணத்துக்கு அப்பால் இரண்டு பக்கமும் தண்ணீர், வேடிக்கை பார்க்கத் தோன்றும். நிறுத்திவிட்டுப் பார். ஓட்டிக்கொண்டே பார்த்தால் ரோடும் இல்லை, தண்ணீரும் இல்லை.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஒரு வருஷமாகப் பெட்டியைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. இன்றைக்கு அந்த ரோடு முழுக்கத் தலைக்குள் ஓடுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் லாரியில் நாகப்பட்டினம் வரைக்கும் எத்தனையோ நடை அடித்திருக்கிறேன். கடல் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும். இறங்கிப் பார்த்ததே இல்லை.

பிப்ரவரிக்குள் வாரம் இரண்டு தடவை ஓட்டு. செஞ்சி வரை போ. லாரிக்குப் பின்னால் போய்ப் பழகு.

கவியிடம் சொல், நேரில் பதில் சொல்கிறேன் என்று.

சக்கரவர்த்தி


மஸ்கட்,
22 மார்ச் 2026

வேதாவுக்கு,

வந்து சேர்ந்து பத்து நாளுக்கு மேல் ஆகிவிட்டது. போனில் தினமும் பேசிவிட்டோம், ஆனால் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும்.

கடலூர் தாண்டி நடந்தது எனக்கு மறக்கவில்லை. பாண்டிச்சேரி டாக்டர் சொன்னதெல்லாம் தலையில் ஏறியிருந்தது. மாதம் ஒரு ஊசி கண்ணுக்குள் போட வேண்டும், விட்டால் இடது கண்ணும் போகலாம், ஓட்டுவதை மறந்துவிடுங்கள் என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அந்த எரிச்சலில் நான் உட்கார்ந்திருந்தேன். ஏர்போர்ட்டிலிருந்தே என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டேதான் வந்தது. நீ டிராக்டரை ஓவர்டேக் பண்ணினதும் "பிரேக்! பிரேக்! அறிவிருக்கா உனக்கு?" என்று கத்திவிட்டேன். நீ ஓரமாக நிறுத்தினாய், இறங்கினாய், சுற்றி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து சாவியை நீட்டினாய். "இந்தாங்க. நீங்களே ஓட்டுங்க."

நான் வாங்கிக்கொண்டேன் வேதா. வாங்கி, இறங்கி, டிரைவர் பக்கம் வரை நடந்தும் போய்விட்டேன். கதவில் கை வைத்த பிறகுதான் எதிரே ரோட்டைப் பார்த்தேன். கோடு வளைந்திருந்தது. பின்சீட்டில் கவி இருந்தாள்.

இத்தனை நாள் டாக்டர் சொன்னார், கம்பெனி சொன்னது, நீ சொன்னாய். எனக்கு நானே சொல்லிக்கொண்டது அப்போதுதான். சாவியை உன் கையில் திருப்பிக் கொடுத்தேன். என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று நினைவில்லை. நீ அழுதுகொண்டிருந்தாய், நானும்தான். கவி கண்ணாடியை இறக்கிவிட்டு, "ரெண்டு பேரும் வண்டில ஏறுங்க. பின்னாடி லாரிக்காரன் ஆரன் அடிச்சிக்கினே இருக்கான்" என்றாள். அவள் மட்டும் இல்லையென்றால் இன்னும் அங்கேயே நின்றிருப்போம்.

தரங்கம்பாடியில் நீ அறை பார்க்கப் போனபோது நானும் அவளும் கோட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். "டிரைவர் இல்லாட்டி ஒண்ணும் இல்லைனு எழுதினீங்களாமே" என்று கேட்டாள். "எழுதினேன், அப்போ எனக்கு வேற எதுவும் தெரியல" என்றேன். எழுந்து செருப்பைக் கழற்றினாள். அப்புறம், "சரி, வாங்க, தண்ணில நிக்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்தாள். கரையில் கல்லாகக் கிடந்தது. எந்தக் கல்லில் கால் வைக்க வேண்டும் என்று அவளே சொல்லிக்கொண்டு வந்தாள். இதைவிடப் பெரிய பதில் எனக்குக் கிடைக்காது, அவளுக்கும் நான் கொடுக்க முடியாது.

அம்மாவிடம் கண் விஷயத்தைச் சொன்னதற்கு அது ஒப்பாரி வைக்கும் என்று நினைத்தேன். "அங்க ஒக்காந்துனு பொட்டி எண்றதுக்கு இங்க வந்து ஊசி போட்டுக்கோ. போ, சாப்டு" என்றது. அவ்வளவுதான்.

நேற்று மேனேஜரைப் பார்த்தேன். இரண்டு வருஷம் முடியாது, வைத்தியத்துக்கு ஊரில் இருக்க வேண்டும் என்று சொன்னேன். யோசித்துவிட்டு, ஏப்ரல் கடைசியில் விடுவிக்கிறேன் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உனக்குப் போன் பண்ணினேன், நீ மார்க்கெட்டில் இருந்தாய், சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, "என்ன? என்ன?" என்று வைத்துவிட்டாய். அந்தப் போன் இதற்குத்தான்.

ஊருக்கு வந்து என்ன செய்வேன் என்று இன்னும் தெரியாது. மாடி அறைக்கு வருகிறவர்களுக்கு ரோடு சொல்லலாம். டீ போடலாம். முதல் மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்து பார்க்கிறேன்.

சக்கரவர்த்தி


திருவண்ணாமலை,
29 மார்ச் 2026

கவிநிலா அப்பாவுக்கு,

அந்தப் போன் அதற்கா? மார்க்கெட்டில் வெங்காயக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தெரிந்திருந்தால் அவனை அப்படியே விட்டிருப்பேன்.

உங்கள் கடிதத்தைக் கவிக்குப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "ஏப்ரல் கடைசின்னா எனக்கு பரீட்சை முடிஞ்சிருக்கும்" என்றாள். இன்றைக்குத் தன் மேசையை ஜன்னலிலிருந்து நகர்த்தி, அந்த இடத்தில் உங்கள் நாற்காலியைப் போட்டிருக்கிறாள். வெளிச்சம் இடதுபக்கமாக விழுகிற மாதிரி திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தாள்.

நர்ஸிடம் பேசிவிட்டேன். அடுத்த ஊசிக்கு மே முதல் வாரத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறாள். அதுவரை மாத ஊசியை அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள், தவறவிடாதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டேன் என்று தினமும் சொல்கிறீர்கள், சாப்பிட்டது என்ன என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள். வந்ததும் பேசிக்கொள்வோம்.

கடலூரில் நடந்ததை எழுதியிருந்தீர்கள். சாவியை நீட்டியிருக்கக் கூடாது. கோபத்தில் எது வலிக்கும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது. அதற்காக நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. நீங்கள் திருப்பிக் கொடுக்கும்போது என்ன சொன்னீர்கள் என்று நினைவில்லை என்கிறீர்கள். எனக்கு நினைவிருக்கிறது. "மெதுவா போ வேதா, நேரம் இருக்கு" என்றீர்கள்.

நீங்கள் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். கடைசி நாள் வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும்போது உங்கள் பேச்சு நின்றுவிட்டது. மாடு, மேடு, பள்ளம் எதுவும் சொல்லவில்லை. மறுபடி கோபமோ என்று பார்த்தேன். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்திருந்தது. வலது கால் தளர்ந்து ஒருபுறமாகக் கிடந்தது. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் நீங்கள் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கவி எழுப்பப் போனாள், வாயில் விரல் வைத்துக் காட்டினேன். பறவை பார்க்கிற இடம் வந்தது. நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் விழித்துக்கொள்வீர்கள். மெதுவாகவே ரோடு முடிகிற வரைக்கும் போய், திரும்பி, மறுபடி ரோடு முடிகிற வரைக்கும் போனேன். இரண்டு பக்கமும் ஈரமும் உப்பும், தூரத்தில் கடல். கவி பின்னாலிருந்து ஒவ்வொரு பறவையாகக் கிசுகிசுத்துக்கொண்டே வந்தாள்.

நீங்கள் விழித்து, "வந்துட்டமா?" என்று கேட்டீர்கள். "இப்பதான்" என்றேன்.

வேதா